பெரிய மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி? தருமபுரி, கிருஷ்ணகிரியில் மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஓசூர் என்று எங்கிருந்து கேட்டாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு விரல் நீளத்தில் வாங்கி வந்த மீன் எட்டு மாதத்தில் தொட்டியை அடைத்துக்கொண்டது. அல்லது நேற்றுவரை நன்றாக இருந்தவை காலையில் மிதந்தன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். தொட்டி அளவுகள் எல்லாம் அடிக்கணக்கில், நீளம் × அகலம் × உயரம் என்ற வரிசையில்.

"டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும்னு எப்படிங்க கணக்குப் போடறது?"

மூன்று அளவையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்குங்கள். 2×1×1 தொட்டி 57 லிட்டர். 4×1.5×1.5 என்றால் 255 லிட்டர். 6×2×2 என்றால் 680 லிட்டர். மேலே விடும் இரண்டு அங்குல இடைவெளி, அடியில் போடும் மணல், கல் எல்லாம் கழித்தால் உண்மையான தண்ணீர் பத்து, பதினைந்து சதவீதம் குறையும். மருந்து போடும்போது இந்தக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"தொட்டிக்குத் தகுந்த மாதிரிதானே மீன் வளரும்? சின்ன டேங்க்ல வச்சா சின்னதாவே இருந்துடும்னு சொல்றாங்களே?"

இந்த ஒரு நம்பிக்கையால் சாகிற மீன்கள்தான் அதிகம். சிறிய தொட்டியில் வளர்ச்சி குறைவது உண்மை. ஆனால் அது மீன் தன்னை அளந்து வைத்துக்கொள்வதால் அல்ல. கழிவு சேர்ந்து நைட்ரேட் ஏறிய தண்ணீர், நீந்த இடமின்மை, ஓயாத பதற்றம் ஆகியவற்றால் உடல் குன்றிப்போகிறது. சத்துக் குறைந்த குழந்தை உயரம் குறைவதைப் போன்றதுதான் இது.

அப்படிக் குன்றிய ஆஸ்கரை மேலிருந்து பாருங்கள். தலையும் கண்ணும் வயதுக்கேற்ற அளவில் இருக்கும், உடல் மட்டும் சிறுத்திருக்கும். முதுகெலும்பு வளைந்திருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ வேண்டியது இரண்டு, மூன்று வருடத்தில் போய்விடும். "என்கிட்ட ரெண்டு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்வதற்கு அர்த்தம், அதன் ஆயுளில் பெரும்பகுதி பறிபோனது என்பதே.

"அப்ப எந்த மீனுக்கு எவ்வளவு பெரிய டேங்க்?"

கடையில் இருக்கும் அளவை மறந்துவிட்டு, முழுதாக வளர்ந்த அளவைக் கேளுங்கள். தொட்டியின் அகலம் வளர்ந்த மீனின் நீளத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. தொட்டியின் நீளம் மீனைப் போல் மூன்று, நான்கு மடங்கு வேண்டும். எல்லாரும் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள், அகலத்தைப் பார்ப்பதில்லை. மீன் திரும்புவது அகலத்தில்தான். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் இரண்டடி அரோவானா திரும்புவதைக் கவனித்தால் புரியும்: மூக்கு முன்கண்ணாடியில் உரசும், வால் பின்கண்ணாடியில் மடங்கும், உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்பும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை அப்படி வளைய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃப்ளவர்ஹார்ன் ஓர் அடி வரை வளரும். தனியாக ஒன்றுக்கு 4×1.5×1.5 போதும். ஆஸ்கர் 12 முதல் 14 அங்குலம். ஒரே ஒரு ஆஸ்கருக்கு 4×2×2, அதாவது 450 லிட்டர் கொடுங்கள். இரண்டு என்றால் 6×2×2. பாலா ஷார்க் ஓர் அடியைத் தாண்டும், கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். ஐந்தாறு மீனுக்கு ஆறடித் தொட்டிக்குக் குறையக் கூடாது. கோல்டு ஃபிஷ்ஷில் உருண்டை ரகம் ஆறேழு அங்குலம். நீள் உடல் கொண்ட காமெட் ரகம் ஓர் அடிவரை போகும். உருண்டை ரகத்தில் இரண்டுக்கு 3×1.5×1.5 வேண்டும். கண்ணாடிக் கிண்ணம் எந்த மீனுக்கும் வீடு அல்ல.

சில்வர் அரோவானா இரண்டரை முதல் மூன்றடி. அதற்கு 8×3×2.5, சுமார் 1,700 லிட்டர். அதற்குக் குறைவாக இருந்தால் அது குட்டிக்கான தங்குமிடம் மட்டுமே. ரூப்சந்த் என்று விற்கும் பாக்கு மீன் இரண்டடியைத் தாண்டும். சிறியதாக, வெள்ளியாக மின்னும் 'ஷார்க்' என்று விற்பது பங்காசியஸ்; சாப்பாட்டுக்கு 'பாசா' என்று வரும் அதே இனம்தான், நாலடி வரை வளரும். ரெட் டெயில் கேட்ஃபிஷ்ஷும் நாலடி. நன்றாகத் தீனி கிடைத்தால் ஒரே வருடத்தில் ஒன்றரை அடியைத் தொடும். அலிகேட்டர் கார் என்ற மீன் ஆறடிக்கு மேல். இந்த நான்கையும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

"குட்டியா இருக்கறப்ப சின்னது, பெருசானா பெரிய டேங்க் மாத்திக்கலாம் இல்லையா?"

பெரிய தொட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அல்லது அதற்கான பணமும் இடமும் கையில் இருந்தால், தாராளமாக. அரோவானா குட்டியை முதல் ஐந்தாறு மாதம் நாலடித் தொட்டியில் வைப்பதில் தவறில்லை. தீனி சாப்பிடுவதைக் கண்காணிக்க அது வசதியும்கூட. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் சிக்கல். மீன் நாம் பணம் சேர்க்கும் வேகத்துக்கு வளராது, அதைவிட வேகமாக வளரும். வாங்கும் நாளிலேயே எட்டடித் தொட்டி எந்தச் சுவரோரம் வரும் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

"மாடியில ஆறடி டேங்க் வைக்கலாமா?"

6×2×2 தொட்டியில் தண்ணீர் மட்டும் 600 கிலோவுக்கு மேல். கண்ணாடி, ஸ்டாண்டு, கல் எல்லாம் சேர்ந்து 850 கிலோ ஆகிவிடும். அது நிற்பதோ வெறும் 12 சதுர அடியில். வீட்டு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கப் பாரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. இந்தத் தொட்டி அந்த 12 சதுர அடியில் அதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் அழுத்தும். அதனால் தரைத்தளம்தான் சரி. மாடியில்தான் வேண்டுமென்றால் கட்டடப் பொறியாளரிடம் கேட்டு, கீழே பீம் ஓடும் சுவரோரமாக வையுங்கள்.

இரண்டடி உயரம், ஆறடி நீளத்துக்கு 12 மி.மீ. கண்ணாடி போடச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் நீளவாக்குப் பட்டையும் நடுவில் குறுக்குப் பட்டையும் கட்டாயம். ஸ்டாண்டின் மட்டத்தை ரசமட்டத்தில் பார்த்துவிட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்து வையுங்கள். ஒரு மூலை இரண்டு மி.மீ. தூக்கியிருந்தாலும் சில மாதத்தில் ஒட்டு விடும்.

"டேங்க் செட் பண்ண அன்னைக்கே மீன் விட்டா என்ன ஆகும்?"

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் கடும் விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கும். இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீர் பளிங்கு போல் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுத் தொட்டியில் ஐந்தாம் நாளிலிருந்து மீன் மேலே வந்து வாய் பிளப்பதும், செவுள் சிவந்து வீங்குவதும் அம்மோனியாவால்தான்.

செய்ய வேண்டியது: ஃபில்டரையும் காற்று பம்பையும் ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். சொட்டு டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி, பிறகு நைட்ரைட் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் காட்டினால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் இரண்டு வாரத்தில்கூட முடியும். அப்போதும் கிட்டில் பார்த்துவிட்டுத்தான் மீன்.

"எங்க போர் தண்ணி உப்புங்க. அப்படியே ஊத்தலாங்களா? புளோரைடு வேற இருக்குன்னு சொல்றாங்க."

நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமென்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் கடின நீரில் கால்சியம் நிறைய இருப்பதால் மீனுக்குப் புளோரைடின் தாக்கம் மட்டுப்படும். மீன் வளர்ப்பில் நாம் முதலில் பார்க்க வேண்டியது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு.

காரணம் இதுதான். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று சாது, மற்றது விஷம். பிஎச் 7 உள்ள 30 டிகிரி தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பிஎச் 8.2 என்றால் நூற்றுக்குப் பதினொரு பங்கு விஷம். அதாவது மென்மையான நீர் கிடைக்கும் ஊரில் ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அதே அளவு அழுக்கு, நம் போர் தண்ணீரிலும் நம் வெயிலிலும் மீனைக் கொன்றுவிடும். மற்ற ஊர்க்காரர் சொல்லும் "மாசம் ஒருக்கா தண்ணி மாத்தினா போதும்" என்ற கணக்கு இங்கே எடுபடாமல் போவது இதனால்தான்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 800 வரை காட்டினால் ஃப்ளவர்ஹார்ன், பேரட், கோல்டு ஃபிஷ், கோய் (வண்ணக் கெண்டை) எல்லாம் போர் தண்ணீரிலேயே நன்றாக இருக்கும். ஆஸ்கரும் பழகிக்கொள்ளும். அரோவானாவுக்கு மென்மையான நீர்தான் பிடிக்கும். டிடிஎஸ் 1,000-ஐத் தாண்டினால் மழைநீரோ ஆர்ஓ நீரோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்ஓ நீர் வேண்டாம்; அதில் தாது ஒன்றும் இல்லாததால் பிஎச் நிலையாக நிற்காது. எந்தக் கலவையோ, அதையே எப்போதும் கலக்குங்கள். மாறிக்கொண்டே இருக்கும் தண்ணீரைவிட நிலையான உப்புத் தண்ணீர் மேல்.

"குழாய்ல வர்றது குடிக்கிற தண்ணிதானே? அதை ஊத்தியும் மீன் துடிக்குதே?"

நமக்கு நோய் வராமலிருக்கக் கலக்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும், ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான டிரம்மில் பிடித்து, காற்றுக் கல் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு ஊற்றலாம். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட், கடையில் ஹைப்போ என்று கேட்டால் கொடுப்பார்கள். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டருக்கு அதில் 10 மி.லி. போதும். தொட்டிக்குள் ஊற்றும் முன்பே கலக்க வேண்டும், ஊற்றிய பிறகு அல்ல.

"தண்ணியை மொத்தமா மாத்தி, ஃபில்டரைப் பளிச்னு கழுவி வச்சேன். மறுநாள் எல்லாம் போச்சு. சுத்தமாத்தானே வச்சேன்?"

சுத்தம் செய்ததால்தான் போனது. ஆறு வாரம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியாவைக் குழாயடியில் கழுவிக் கொட்டிவிட்டீர்கள்; கூடவே தண்ணீரின் வெப்பமும் பிஎச்சும் ஒரே நிமிடத்தில் மாறிவிட்டன. வாரம் ஒருமுறை 25 முதல் 30 சதவீதம் மாற்றுங்கள். நைட்ரேட் 40 பிபிஎம்மைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 20-க்குள் இருந்தால் நன்று. ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். இரண்டு பஞ்சு இருந்தால் ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது.

680 லிட்டர் தொட்டியில் 30 சதவீதம் என்றால் 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதின்மூன்று, பதினான்கு குடம், வாராவாரம். கோடையில் போர் வற்றும்போதும் இதைக் கொடுக்க முடியுமா என்று வாங்குமுன் யோசித்துக்கொள்ளுங்கள். எடுக்கும் தண்ணீர் வீணல்ல. மா, வாழை, தென்னைக்கு நல்ல உரம். மருந்தோ உப்போ போட்ட வாரத்தில் மட்டும் செடிக்கு வேண்டாம்.

"பெரிய மீனுக்கு எந்த ஃபில்டர்? கரண்ட் பில் எகிறுமா?"

ஆறடித் தொட்டிக்கு சம்ப் ஃபில்டர்தான் எங்கள் தேர்வு; அதாவது கீழே தனித் தொட்டி வைத்து, நீரை அதில் இறக்கி வடிகட்டி, பம்ப்பால் மேலே ஏற்றும் முறை. மணிக்குத் தொட்டி நீரைப் போல் ஆறு மடங்கு சுற்ற வேண்டும். 680 லிட்டருக்கு 4,000 லிட்டர். பம்ப் அட்டையில் போட்டிருப்பது உயரமே இல்லாத கணக்கு. 3,000 என்று எழுதிய பம்ப் நாலடி உயரத்துக்கு ஏற்றும்போது பாதி கொடுத்தாலே பெரிது, அதனால் பெரிதாக வாங்குங்கள்.

சம்ப்பில் பலர் செய்யும் தவறு ஒன்று. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியில் ஓரங்குல நீர் கீழே இறங்கும். 6×2 தொட்டியில் ஓரங்குலம் என்பது 28 லிட்டர், இரண்டங்குலம் 56. அந்த இடம் சம்ப்பில் காலியாக இல்லையென்றால் வீட்டுத் தரையில்தான் நிற்கும். முதல் நாளே பம்ப்பை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள்.

40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 58 யூனிட். இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மீனுக்கே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?"

மீனின் எண்ணிக்கையையும் வெப்பத்தையும் பொறுத்தது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். நெருக்கமாகப் பெரிய மீன் உள்ள தொட்டியில், மே மாதத்தில் ஒரு மணி நேரத்திலேயே மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றைச் சார்ஜ் போட்டுத் தயாராக வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் காற்று பம்ப்பை மட்டும் அதில் இணைத்தால் நெடுநேரம் தாங்கும். ஒன்றும் இல்லையென்றால் சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தீனி போடாதீர்கள்.

மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் நீர் ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுப்போகும். மின்சாரம் வந்ததும் அது நேரே தொட்டிக்குள் பாயும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சை அலசிவிட்டு இயக்குங்கள். மின்வெட்டைத் தாங்கிய மீன் மின்சாரம் வந்த பிறகு சாவது பெரும்பாலும் இதனால்.

"ஓசூர் குளிருக்கு ஹீட்டர் வேணுமா? தருமபுரி வெயிலுக்கு என்ன செய்யறது?"

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை இரவுகளில் ஆஸ்கர், அரோவானா, ஃப்ளவர்ஹார்னுக்கு ஹீட்டர் கட்டாயம். 26 முதல் 28 டிகிரி வேண்டும். கோய்க்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் தேவையில்லை. 680 லிட்டருக்கு 300 வாட்டில் இரண்டு போடுங்கள். பெரிதாக ஒன்று போட்டு அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன் வெந்துவிடும். ஆஸ்கர் ஹீட்டரை முட்டி உடைக்கும், அதனால் பிளாஸ்டிக் உறை போட்டது வாங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

தருமபுரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலும் மேற்குச் சன்னல் ஓரத்திலும் தொட்டி வேண்டாம். மூடியில் வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறிய விசிறி வீசினால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்.

"கண்ணாடி வேண்டாம், சிமெண்ட் தொட்டி கட்டி கோய் விடலாமா?"

பெரிய மீனுக்கு அதுதான் நல்ல வழி. 10×6×3.5 தொட்டி 5,900 லிட்டர் பிடிக்கும். அதில் நான்கைந்து கோய் இருபது வருடத்துக்கு மேல் வாழும். பாதிக்கு நிழல் வேண்டும், ஆழம் மூன்றடிக்குக் குறையக் கூடாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி பிஎச் 10-ஐத் தாண்டும். நீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். மூன்று முறை இப்படிச் செய்து, பிறகு இரண்டு நாள் நின்ற நீரில் பிஎச் 8.5-க்குள் இருந்தால் மீன் விடலாம்.

"உயிரோட கோல்டு ஃபிஷ் போட்டா ஆஸ்கர் சீக்கிரம் வளருமாமே? கோழிக்கறி போடலாமா?"

இரண்டும் வேண்டாம். தீனி மீனோடு வெண்புள்ளி நோயும் புழுவும் சேர்ந்து வரும். கோல்டு ஃபிஷ்ஷில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கோழி, ஆட்டுக் கொழுப்பு மீனின் வயிற்றில் செரிக்காமல் ஈரலில் படியும். நல்ல பெல்லட் அன்றாட உணவு. வாரம் இரண்டு முறை ஓட்டோடு நறுக்கிய இறாலோ மண்புழுவோ. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது.

"பாசி தின்ன ஒரு சக்கர் மீன் போட்டா டேங்க் சுத்தமாயிடுமா?"

அது பாசியைவிட அதிகமாகக் கழிவு போடும், ஒன்றரை அடி வளரும். பெரியதாகிவிட்டால் தட்டையான மீன்களின் உடலில் ஒட்டிச் சளிப்படலத்தை உறிஞ்சும். பாசிக்கு விளக்கு நேரத்தை எட்டு மணி நேரமாகக் குறைத்து, ஒரு பழைய பஞ்சால் தேயுங்கள்.

"வாஸ்து மீன் செத்தா வீட்டுக்கு வந்த கண்டம் கழிஞ்சதுன்னு சொல்றாங்க. சரிதானே?"

நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கண்டம் கழிந்தது என்று அடுத்த மீனை அதே தண்ணீரில் விட்டால் அதுவும் சாகும். மீன் செத்த அன்றே, தண்ணீரைக் கொட்டும் முன், அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பாருங்கள். அரோவானா என்றால் தரையிலும் தேடுங்கள். மூடி திறந்திருந்தால் அது குதிக்கும். மூடியின் மேல் எடை வைப்பது கட்டாயம். வீட்டுக்கு நல்லது வேண்டுமென்று வைத்த உயிர் நல்லபடியாக இருப்பதே முறை.

"சென்னை கொளத்தூர்ல இருந்து பார்சல்ல வந்த மீன், டேங்க் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா பையில ஊத்திப் பழக்கினேன். அப்பவும் செத்துடுச்சு. ஏன்?"

மேலே போர் தண்ணீர் பற்றிச் சொன்ன பிஎச் கணக்கு இங்கேயும் வருகிறது. பத்து மணி நேரம் கட்டிய பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியாவும் சாது வடிவில் இருக்கும். பையைத் திறந்து நம் 8.2 தண்ணீரை ஊற்றியதும் அவ்வளவும் விஷமாகிவிடும்.

நீண்ட பயணம் வந்த பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, உடனே மீனை மட்டும் வலையிலோ ஈரக் கையிலோ எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. விளக்கை அணைத்து வைத்து, அன்று தீனி போடாதீர்கள். பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வருவதற்கு மெதுவாகப் பழக்கும் முறையே சரி.

"அரோவானா வைக்கறது சட்டப்படி தப்பா?"

சில்வர் அரோவானாவுக்குப் பிரச்சினையில்லை. சிவப்பு, பொன்னிற ஆசிய அரோவானா சர்வதேச வணிக உடன்படிக்கையான சைட்டீஸின் முதல் பட்டியலில் உள்ளது. அராபைமா என்ற ராட்சத அமேசான் மீன் இரண்டாம் பட்டியலில். இவற்றை வைத்திருப்போர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாடெங்கும் தடைசெய்யப்பட்டது, தொட்டியிலும் வேண்டாம்.

"வளர்க்க முடியல. கே.ஆர்.பி. அணையிலயோ ஏரியிலயோ விட்டா பிழைச்சுக்கும்ல?"

பிழைக்காவிட்டால் அது சாகும். பிழைத்தால் மற்றவை சாகும். சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து, மீனவர்களுக்கு விற்க முடியாத பாரமாகியிருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அராபைமா வலையில் விழுந்தது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் பிடிபட்டது. எல்லாம் யாரோ வளர்த்தவைதான்.

நம் பக்கம் இன்னும் ஒரு காரணம் உண்டு. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் திமில் மகசீர் மீன் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளைச் சேர்த்து 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. ஏரி நிரம்பினால் மறுகாலில், அணை திறந்தால் தென்பெண்ணையில் என்று, விட்ட மீன் விட்ட இடத்தில் நிற்காது. கிணறும் பாதுகாப்பல்ல.

வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவருக்கு இலவசமாகக் கொடுங்கள். தொட்டியை நேரில் பார்த்துவிட்டு. ஆள் கிடைக்கும்வரை 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் காற்றும் ஃபில்டரும் போட்டு நிழலில் வைக்கலாம். கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் கொதிக்கும்.

"யாருமே எடுத்துக்கல, மீன் நோயில கஷ்டப்படுது. என்ன செய்ய?"

முதலில் கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ கேளுங்கள். வெண்புள்ளி போன்றவற்றுக்கு லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, 600 லிட்டருக்கு 1.2 கிலோ, இரண்டு நாளில் பிரித்துக் கரைத்துவிட்டால் பல மீன் தேறும். செதிலில்லாத கெளுத்தி வகைக்கு எந்த மருந்தும் பாதி அளவில் தொடங்குங்கள்.

தேறாது என்று உறுதியானால் பிளஷ் செய்வதும், தண்ணீரை விட்டு வெளியே போடுவதும், ஃபிரீசரில் வைப்பதும் கொடுமை. மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் கிடைக்கும். லிட்டருக்கு அரை மி.லி. கணக்கில், 20 லிட்டர் வாளிக்கு 10 மி.லி. எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் சேர்த்துப் பால்போல் வெளுக்கும்வரை குலுக்குங்கள். தொட்டி நீர் நிரப்பிய வாளியில் மீனை விட்டு, முதலில் கால் பங்கு ஊற்றுங்கள். மீன் சாய்ந்து மயங்கியதும் மீதியை. செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் வாளியிலேயே இருக்கட்டும். பிறகு செடிகளுக்குத் தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். வாளி நீரைத் தரையில் ஊற்றலாம். ஏரிக்குப் போகும் வாய்க்காலில் வேண்டாம்.